படகின் மூக்கில் காயாத பசை

மகனே,

இதை யாரிடமும் காட்டாதே. காலில் விழுந்து கேட்கிறேன் என்றுதான் எழுத வந்தேன். அம்மா மகன் காலில் விழக்கூடாது என்பதால் கையைப் பிடித்துக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள். உன் அப்பாவிடம் காட்டாதே, அவர் யாராக இருந்தாலும் சரி. உன் தாத்தாவிடம் கட்டாயம் காட்டாதே. உன் மாமாவிடம் காட்டினால் சாப்பிடும்போது எல்லோருக்கும் முன்னால் என் குரலில் படித்துக் காட்டிச் சிரிப்பான். என் பள்ளிக் கட்டுரை ஒன்றை அப்படிப் படித்திருக்கிறான். அன்றைக்கு அப்பாகூடச் சிரித்தார். ஆனால் நீ இதைப் படிக்கிற காலத்தில் உனக்கு அந்த மாமா இருப்பானா என்பதுதான் இப்போது என் பயம். அதற்காகத்தான் எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் சிம்னி விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, நான் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறேன். நீ இதைப் படிக்கும்போது மீசை வைத்து, வேலைக்குப் போய், வீட்டில் நீ சொன்னதுதான் நடக்கும் என்ற நிலைக்கு வந்திருப்பாய். அந்த ஆளுக்குத்தான் எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டேன்; ஒருவரும் கேட்கவில்லை. மிச்சம் இருப்பது நீ. முதலில் மகளுக்கு எழுதலாமா என்று யோசித்தேன். மகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்குத் தானாகவே தெரிந்துவிடும். மகனுக்குத்தான் யாராவது சொல்லியாக வேண்டும்.

விஷயம் இதுதான். விடிந்தால் உன் மாமா சேகர், அதாவது என் அண்ணன், அல்சூர் ஏரிப் பந்தயத்தில் கயாக் ஓட்டப் போகிறான். அந்தக் கயாக்கின் மூக்குப் பக்கம் உள்ளே வைத்த பசை காயவில்லை. பசை வைத்தது நான்தான். அந்த இடத்துக்கு என் கை மட்டும்தான் போகும். காயவில்லை என்று தொட்டுச் சொல்லவும் என் கையால் மட்டும்தான் முடியும். நான் சொல்கிறேன். யாரும் நம்பவில்லை. அண்ணனுக்கு நீச்சல் தெரியாது.

கயாக் என்றால் என்னவென்று உன் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம். எங்கள் லிங்கராஜபுரத்தில் அதை முதலில் பார்த்தவர்கள் நாங்கள்தான். ஒரே ஒரு ஆள் உட்காருகிற ஒல்லியான படகு. நடுவில் உட்கார ஒரு குழி. மற்றபடி மேலேயும் பலகை போட்டு மூடியிருக்கும். முன்னும் பின்னும் மீனைப் போலக் கூராகப் போகும். அண்ணன் ஏரிக்கரைப் படகு கிளப்பில் வேலை செய்கிறான். படகைத் தண்ணீரில் இறக்குவது, ஏற்றுவது, கழுவுவது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுப்போன கயாக் கிளப் கொட்டகையில் கிடந்தது. கல் படியில் மோதி அதன் மூக்கு அடியில் பிளந்திருந்தது. கிளப் செக்ரட்டரி ஒரு நாள் அண்ணனிடம், “உனக்கென்று ஒரு படகு இருந்தால் நீயும் பந்தயத்துக்கு வரலாமே” என்று சொன்னாராம். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ. அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டான். உடைந்த கயாக்கைக் கேட்டு வாங்கி, சிநேகிதன் ஒருவனோடு தலையில் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுக் கொல்லையில் இறக்கினான். பின்னால் தெருப் பிள்ளைகள் கூட்டம். பக்கத்து வீட்டு கௌரம்மா எட்டிப் பார்த்து, “என்னம்மா இது, தொட்டிலா? யாருக்கு விசேஷம்?” என்று கேட்டாள். அம்மாவுக்கு வெட்கம். அன்றிலிருந்து அம்மா அதைப் படகு என்று சொன்னதே இல்லை. “உங்க கட்டை” என்றுதான் சொல்வாள்.

அப்பா பெரிய தொழிற்சாலை ஒன்றில் மரவேலைப் பிரிவில் இருக்கிறார். மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வார். இரண்டாவது தடவை கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கயாக்கைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அண்ணனிடம், “உனக்கு நீஞ்சத் தெரியுமாடா?” என்றார்.

“தெரியும் நைனா.”

“யார்கிட்ட கதை உடற? குளத்துல கால் நனைக்கவே பயந்தவன் நீ.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். கிளப்பில் நீந்தத் தெரியும் என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அப்பா திட்டவில்லை. மூக்குப் பக்கத்தைக் குறுக்கே ஒரு பலகையால் அடைத்துவிட்டால் உள்ளே காற்று நிற்கும், கவிழ்ந்தாலும் படகு முழுகாது, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம் என்று சொன்னார். என் அப்பா பாசத்தை வாயால் சொல்கிறவர் இல்லை. அந்தக் குறுக்குப் பலகைதான் அவர் பாசம். அதைக் காகிதத்தில் வெட்டிப் பார்த்து, மறுபடி வெட்டி, இழைத்து, உள்ளே வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி இழைத்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாளைக்கு ஏதாவது நடந்தால் நீ உன் தாத்தாவைக் கவலையில்லாத மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு இருந்தது கவலை மட்டும்தான். காதுதான் இல்லை.

பசை, செக்ரட்டரி கொடுத்தது. இரண்டு டப்பா. ஒட்டியிருந்த காகிதம் எண்ணெய் ஊறிக் கிழிந்துபோய், எபாக்ஸி என்ற சொல்லும் ஒரு மண்டையோட்டுப் படமும்தான் மிச்சம். ஒரு டப்பாவில் தேன் மாதிரி கெட்டியான பசை. இன்னொன்றில் அதை இறுகவைக்கிற ஹார்டனர். மீன் நாற்றம் அடிக்கும். அப்பா அதை “மருந்து” என்பார். இரண்டையும் சரிபாதி கலக்க வேண்டும் என்று செக்ரட்டரி அண்ணனிடம் வாயால் சொல்லியிருந்தார். பலகையின் பின்பக்கத்தை, ஆள் உட்காரும் குழி வழியாகவே அப்பா கைவிட்டு ஒட்டினார். மூக்கு அறைக்குள் பலகையின் முன்பக்கமும், அடியில் இருந்த பிளவும் பாக்கி. அதற்கு மேல்பலகையில் ஒரு வட்டத் துளை போட்டார். பெரிதாக வெட்டினால் மேல்பலகை பலவீனமாகிவிடும் என்று சின்னதாக வெட்டினார். வெட்டுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு என் தோள் சுற்றளவை ஒரு நூலால் அளந்துகொண்டார்.

எங்கள் வீட்டில் என் கைக்கு எப்போதும் வேலை உண்டு. அம்மாவின் தோடு சாக்கடைக் குழாயில் விழுந்தால் நான். அலமாரிக்குப் பின்னால் அப்பாவின் சாவி விழுந்தால் நான். தையல் மெஷினுக்குள் ஊசி முறிந்து போனால் தெருக்கோடி தையல்காரர்கூட என்னைத்தான் கூப்பிடுவார். அண்ணன் எனக்குக் குறடு என்று பேர் வைத்திருக்கிறான். ஒரு பொருள் எங்கே போய் மாட்டிக்கொண்டாலும், “ஏய் குறடு, வா” என்பான். எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். என்ன இருந்தது, எப்படி இருந்தது என்று நான் சொல்ல ஆரம்பித்தால் அதற்குள் போய்விடுவார்கள். மகனே, நீ யாருடைய கையை வாங்கிக்கொண்டாலும் வாயையும் சேர்த்து வாங்கிக்கொள்.

அந்த வேலையை நீ செய்து பார்த்தால்தான் தெரியும். மேல்பலகையில் குப்புறப் படுத்து, கன்னத்தைப் பலகையில் அழுத்தி, தோள்வரை கையை உள்ளே விட வேண்டும். கை போனதும் துளை அடைந்துவிடும். டார்ச் அடித்தாலும் வெளிச்சம் போகாது. எல்லாம் தடவித்தான். முதலில் உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு தேய்க்க வேண்டும். பிறகு ஈரமில்லாத துணியால் தூசியைத் துடைக்க வேண்டும். பிறகு காம்பை வெட்டி வளைத்த பிரஷ்ஷால் பசை தடவ வேண்டும். அதன்மேல் பசையில் நனைத்துச் சுருட்டிய துணிப் பட்டையை உள்ளே கொண்டுபோய், பிளவின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, நகத்தால் அழுத்தி, அடியில் காற்று நிற்காமல் தள்ள வேண்டும். கையுறை போட்டால் எதுவும் தெரியாது. அம்மா தேங்காய் எண்ணெய் பூசிவிட்டாள். அப்படியும் முழங்கை வரை தடித்துச் சிவந்து அரித்தது. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் பார்த்துவிட்டு, “இது என்ன நோய்? தள்ளி உட்கார்” என்றார். பசை என்று சொன்னேன். நம்பவில்லை. யார்தான் நம்பினார்கள்?

முதல் தடவை சரிபாதிதான் கலந்தோம். நான் பட்டையைப் பாதிகூட விரிக்கவில்லை, வெளியே டப்பாவில் இருந்த பசை சூடேறிப் புகைந்துவிட்டது. உள்ளே இருந்ததும் விரலுக்கடியில் கட்டிதட்ட ஆரம்பித்தது. நான் அழுதுவிட்டேன். அப்பா புகைந்த டப்பாவை மண்ணில் எறிந்துவிட்டு, நான் பட்டையை உரித்து வெளியே எடுக்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார். அதட்டவே இல்லை. “உடு பாப்பா. சின்னக் கை, எடம் குறுகல், உனக்கு டைம் வேணும். மருந்தைக் கம்மி பண்றேன், மெதுவா காயட்டும்” என்றார். அவர் தொழிற்சாலையில் மரத்துக்குப் போடுகிற பசை அப்படித்தானாம். அதில் மருந்தைக் குறைத்தால் மெதுவாகக் காயும், கூட்டினால் சீக்கிரம் காயும், எப்படியும் காய்ந்துவிடும். அத்தனை வருஷமாக அவர் கை பழகிய கணக்கு அது. எனக்காகக் கொஞ்சம்போல மருந்து விட்டுக் கலந்து கொடுத்தார். இரண்டாவது தடவை எதுவும் சூடாகவில்லை. நிதானமாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் பட்டையை ஒட்டினேன். பலகையின் முன்பக்க விளிம்பையும் சுற்றிப் பூசினேன். வெளியே வந்ததும் அப்பா என் தலையைத் தொட்டு, “கெட்டிக்காரி” என்றார். அதற்கு முன்னால் அவர் என்னை அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவர் எனக்காக இரக்கப்பட்டுச் செய்த காரியத்தால்தான் பசை காயவில்லை என்று அவர் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது?

சொன்னேன். மறுநாள் கை விட்டுப் பார்த்தேன். அல்வா மாதிரி இருந்தது. “குளிர் காலம், டைம் எடுக்கும்” என்றார். சரி என்று காத்திருந்தேன். அதற்கடுத்த நாளும் அல்வா. அதற்குப் பிறகும் அல்வா. விரலை வைத்து எடுத்தால் பலாப்பால் மாதிரி இழுத்துக்கொண்டு வருகிறது. இதற்கு நடுவில் துளைக்கு ஒரு திருகு மூடி வைக்க, அதன் விளிம்புக்கு அப்பா தனியாகச் சரிபாதி கலந்து பூசினார். அதைப் பூசின சாயங்காலம் நான் உள்ளே கை விட்டுப் பார்க்கும்போது என் பின்னல் நுனி அதில் ஒட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தார்கள். அந்த மயிர் இன்னும் அங்கேயே கல்லில் முளைத்த மாதிரி நிற்கிறது. நான் அதைக் காட்டிக் கேட்டேன்.

“நைனா, நீங்க வெச்ச பசை ஒரே ராத்திரியில என் மயிரைப் புடிச்சிக்கிச்சு. நான் வெச்சது ஒரு ஈயைக்கூடப் புடிக்காது. ரெண்டும் ஒரே டப்பாதானே?”

“வெளியில காத்து படுது. உள்ள படல. அதான்.”

“இத்தனை நாளா?”

“இன்னாடி, எனக்கே பாடம் எடுக்கிறியா? சும்னிரு.”

அவ்வளவுதான். பேசாமல் இரு என்பதை இப்படிச் சும்னிரு என்று அவர் கன்னடத்தில் சொல்லிவிட்டால் அதற்கு மேல் எந்தப் பாஷையிலும் பேச முடியாது. அன்றைக்கே பிளவின் வெளிப்பக்கத்தில், இடுக்கை அடைக்கிற மக்கு மாவு வைத்துத் தேய்த்து, சிவப்புப் பெயிண்ட் அடித்தார். பெயிண்ட் அடித்த பிறகு உலகத்தில் எந்தப் படகுக்கும் அவ்வளவு அழகான மூக்கு இருந்திருக்காது. வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தடவிப் பார்த்து, “கல்லு மாதிரி கீது” என்கிறார்கள். வெளியே தடவினால் கல்லாகத்தான் இருக்கும். உள்ளே தொட்டுப் பார்த்தவள் நான் இருக்கிறேனே, என்னைக் கேட்க வேண்டாமா?

அண்ணனிடம் சொன்னேன். அவன் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தான்.

“அண்ணா, நெஜமா ஒட்டுது. இந்த வாரம் வேணாம்னு சொல்லிடு.”

“உன் விரல்ல வெல்லம் ஒட்டியிருக்கும். கழுவினு வா.”

“தண்ணி உள்ள பூந்துடும். தலைகுப்புறப் போயிடுவே.”

“ஏய் குறடு, உனக்குப் பொறாமை. நான் பெரிய மனுஷங்களோட பந்தயத்துல போறது உனக்குப் பொறுக்கல.”

“உனக்கு நீஞ்சத் தெரியாது!”

கத்திவிட்டேன். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து என் வாயிலேயே ஒன்று போட்டாள். “நல்ல காரியத்துக்குப் போற புள்ளையப் பார்த்து இன்னா பேச்சு பேசற? போய் வாயக் கழுவு” என்றாள். போய்க் கழுவினேன். உண்மையிலேயே தண்ணீர் எடுத்துக் கொப்பளித்தேன், மகனே. கொப்பளித்துத் துப்பினாலும் பசை காயவில்லை. இந்த வீட்டில் ஓட்டை இருப்பது குற்றமில்லை, ஓட்டை என்று சொல்வதுதான் குற்றம். சொன்னதால்தான் ஓட்டை விழுந்தது என்றுகூட நாளைக்குச் சொல்வார்கள். உன் வீட்டில் யாராவது கிளம்புகிற நேரத்தில் ஒரு பெண் குறுக்கே வந்து கெட்டதைச் சொன்னால், சகுனம் பார்க்காதே. என்ன பார்த்தாய் என்று கேள்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்கு இது புதிது இல்லை. போன வருஷம் பம்ப் ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் கசிகிறது என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். “உனக்குப் பம்ப் பண்ணத் தெரியல” என்றார். ஒரு நாள் குப்பென்று தீ எழும்பி அம்மாவின் முந்தானை பிடித்துக்கொண்டது. அண்ணன் கோணியைப் போட்டு அணைத்தான். மறுநாள் அப்பா ஒன்றும் பேசாமல் புது வாஷர் வாங்கி வந்து மாட்டினார். அம்மாவும் ஒன்றும் பேசாமல் அதில் சோறு வடித்தாள். “நீ சொன்னது சரிதான்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மாவுக்கு அந்தப் புடைவையே திரும்பி வந்த மாதிரி இருந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வாயில் அடித்த அன்றைக்கு மத்தியானம், ஆண்கள் இரண்டு பேரும் இல்லாதபோது, அம்மா கொல்லைக்கு வந்து, “நெஜமாவாடி?” என்று மெதுவாகக் கேட்டாள். நெஜம் என்றேன். பிறகு கையில் சோப்பு குழைத்துக்கொண்டு கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கல்யாணமானவள் கை வெறுமையாக இருக்கக்கூடாது என்று ஒரே ஒரு வளையலை மட்டும் விட்டாள். அந்த ஒன்று துளையில் இடித்தது. அதையும் மேலே ஏற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு கையை உள்ளே விட்டாள். முழங்கைக்கு மேல் சதை மாட்டிக்கொண்டது. நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம், கீழ, இடது பக்கம்” என்று சொன்னேன். தோளைத் திருகித் திருகிப் பார்த்தாள். அப்புறம் கையை இழுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சதை எல்லாம் சிராய்த்திருந்தது.

“எட்டலடி.”

“எட்டலன்னா என்னம்மா? நான் சொல்றேனே!”

“நான் தொட்டிருந்தா, நான் தொட்டேன்னு சொல்லியிருப்பேன். தொடாம எப்படிடி சொல்றது அவருகிட்ட?”

அவள் என்னை நம்பினாள் என்பது எனக்குத் தெரியும். நம்பியும் பயனில்லை. எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது. அவள் கையின் சதை மேலே, அந்த ஒற்றை வளையல் மேலே, துளையை என் அளவுக்கு வெட்டின அப்பா மேலே. கொஞ்சம் பெரிதாக வெட்டியிருந்தால் யாராவது தொட்டிருப்பார்கள். என் அளவுக்கு வெட்டினதால் என்னோடு முடிந்துவிட்டது.

இன்றைக்குச் சாயங்காலம் பூஜை போட்டார்கள். மூக்குக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றி, கற்பூரம் காட்டினார்கள். தெருவே வந்திருந்தது. எல்லோரும் மூக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என்னையும் தள்ளிவிட்டு, “தொட்டுக் கும்புடு” என்றார்கள். தொட்டேன். பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் தூரத்தில் அல்வா இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. “பொண்ணு சந்தோஷத்துல அழறா பாரு” என்றாள் கௌரம்மா.

உனக்கு ஒன்று தெரியுமா? உனக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். அப்பா மடி இருக்கும், தாத்தா மடி இருக்கும், அவை எதுவும் ஆகாது. மாமன் மடிதான் வேண்டும். மாமன் இல்லாத பிள்ளைக்கு யாரையாவது தேடிப்பிடித்து உட்கார வைப்பார்கள். கௌரம்மாவின் பேரனுக்கு அப்படித்தான் ஒரு தூரத்து ஆளைக் கூட்டிவந்தார்கள். அந்தக் குழந்தை அந்த ஆளின் முகத்தைப் பார்த்தே வீறிட்டு அழுதது. எனக்கு அண்ணன் ஒருவன்தான். எரிச்சல் மூட்டுவான், பேர் வைப்பான், என் கட்டுரையைப் படித்துச் சிரிப்பான். ஆனால் தீப்பிடித்த முந்தானை மேல் யோசிக்காமல் பாய்ந்தவனும் அவன்தான். அவன் மடியில் நீ உட்கார்ந்து, அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும். அதற்கு அவன் நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வர வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டாம். நான் சொன்னது சரி என்று யாரும் சொல்லக்கூட வேண்டாம்.

இங்கே வரைக்கும் எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். எதிரே தண்ணீர்க் குடம் இருக்கிறது. போன வாரம் அடியில் ஓட்டை விழுந்து, அடைத்துக்கொண்டு வந்த குடம். அடைத்து வந்த அன்றைக்கு அம்மா என்ன செய்தாள்? அதை ஏரியில் மிதக்க விட்டா பார்த்தாள்? உள்ளே தண்ணீர் ஊற்றி, தரையில் வைத்து, தரை நனைகிறதா என்று பார்த்தாள். அவ்வளவுதான். அதற்கு ஒல்லிக் கை தேவையில்லை. யாரும் யாரையும் நம்பத் தேவையில்லை. இத்தனை நாளாக இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? வாயால் சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோனேன்.

போகிறேன். வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். கை ஈரம், எழுத்து கலைந்திருந்தால் பொறுத்துக்கொள். துளையின் மூடியைத் திருகி எடுத்துவிட்டு, டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு மூக்கு அறைக்குள் ஊற்றினேன். சத்தம் வராமல் இருக்கத் துணியைப் போட்டு அதன்மேல் ஊற்றினேன். நாளைக் காலைச் சமையலுக்கு வைத்திருந்த தண்ணீர். துளை வரைக்கும் நிரம்பிவிட்டது. சுற்றியிருந்த பூச்சரம் நனைந்துவிட்டது. விடிவதற்குள் அதை மொண்டு எடுத்துக் காயவைக்க முடியாது. பசை காய்ந்திருந்தால் அந்தத் தண்ணீர் அங்கேயே நிற்கும், படகைத் தூக்கக்கூட முடியாது, பந்தயத்தைக் கெடுத்தவள் என்று என்னைத் தோலுரிப்பார்கள். காயாமல் இருந்தால் அண்ணனுக்கு நாளைக்குப் படகு இல்லை. எவ்வளவு நாள் என்னோடு பேசமாட்டானோ தெரியாது. எப்படிப் பார்த்தாலும் எனக்கு அடிதான். எப்படிப் பார்த்தாலும் அவன் ஏரியில் இறங்கமாட்டான். இதை எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கே புரிகிறது.

மகனே, உன்னிடம் ஒருத்தி ஒன்றைச் சொல்லிச் சொல்லி, பிறகு ஒரு நாள் சொல்வதை நிறுத்திவிட்டு ஏதாவது செய்துவிட்டால், அவளைப் பைத்தியம் என்று சொல்லாதே. அவள் எத்தனை தடவை சொன்னாள் என்று யோசித்துப் பார்.

கொல்லைக் கதவில் காதை வைத்துக் கேட்கிறேன். ஒன்றும் இல்லை. பெயிண்ட் தாங்குகிறது போலிருக்கிறது. ஒருவேளை அப்பா சொன்னதுதான் சரியோ? நான்தான் வெறும் ஈரத்தைத் தொட்டுவிட்டுக் கூத்தடித்தேனோ? என் விரலை இப்போது பார்க்கிறேன். நகக்கண்ணில் இன்னும் பிசுபிசு என்று ஒட்டுகிறது. இல்லை. நான் பொய் சொல்லவில்லை.

டொக்.

மூக்குக்குக் கீழே பெயிண்ட் டப்பாவின் மூடி கிடக்கிறது, அதன் மேல் விழுகிறது. மறுபடி. மறுபடி. இப்போது எண்ண முடியவில்லை. இப்போது சொட்டுச் சத்தமே இல்லை, ஒழுகி ஓடுகிற சத்தம். மகனே, கேட்கிறதா? எனக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. அவன் இதில் ஏறி நடு ஏரிக்குப் போயிருப்பான். பூமாலை போட்டு, எல்லோரும் கை தட்டி அனுப்பியிருப்போம்.

யாரோ எழுந்துவிட்டார்கள். முன்கதவு திறக்கிறது. சமையலறைப் பக்கம் வரவில்லை, வெளியே சந்து வழியாகச் சுற்றிக் கொல்லைக்குப் போகிறார்கள். அப்பாவின் செருப்புச் சத்தம். ஈரத்தில் சளக் என்கிறது. நின்றுவிட்டது. மூக்கின் அடியை விரலால் தட்டிப் பார்க்கிற சத்தம்.

கொல்லைக் கதவைத் தட்டுகிறார். பலமாகத் தட்டவில்லை.

“பாப்பா, வெளக்கு எரியறது தெரியுது. அண்ணனை எழுப்பாத. நீ மட்டும் வெளிய வந்து, எங்கெங்க காயலன்னு நைனாக்கு சொல்லு.”